ஆறாவது குட்டி லைனில் இருக்கிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதக் கிளம்பவில்லை, மகாராணிக்கு நகம் வெட்டக் கிளம்பினேன். மகாராணி எங்கள் பூனை. இப்போது என் மடியில், கூடைக்குள் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள். செல்லப் பிராணிகள் மருத்துவமனையின் முன்கூடத்தில் காத்திருப்பது நாங்கள் இருவர் மட்டும்தான். எதிரே ஆபரேஷன் அறையின் கதவு. சற்று முன் யாரோ அதைக் குதிகாலால் உதைத்துச் சாத்தினார்கள். சாத்திய அந்த நொடியில் பிறந்தது இந்தக் கதை. செல்ஃபோனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மடியில் கூடை ஆடுகிறது.

கதவுக்குப் பின்னால் நடப்பது இன்னும் முடியவில்லை. ஆகவே முடிவு எனக்கும் தெரியாது. இப்படி ஒரு நிலையில் கதை எழுதுவது எவ்வளவு பெரிய குஷி தெரியுமா! பயம் கலந்த குஷி.

2

தொடக்கம் வேண்டுமே.

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..." (தூறவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. விடு.)

"வாயில்லா ஜீவன்கள் மீது அவளுக்கு இருந்த பிரியம் சிறு வயதிலிருந்தே..." (பிரியமா? நாயைக் கண்டால் அவளுக்குக் குலை நடுங்கும்.)

ஆ! இதுதான் தொடக்கம். மேலே உள்ளதை அழிக்காமலே விடுகிறேன். பொய் எங்கே முடிந்து கதை எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கும் தெரியட்டும்.

முன்மேசையில் ஃபோன் எடுக்கும் பெண்மணிக்கு இங்கே பெயர் ஃபோனக்கா. டாக்டரம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறார். நான் முதல்முறை வந்தபோது, கூடையை மேசைமேல் வைத்ததும், அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு நாய், பூனைன்னா பயம்."

"அப்புறம் இங்க எப்படி வேலைக்கு..."

"ஃபோன்ல எதுவும் கடிக்காதே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாய் உள்ளே வந்தால் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொள்வார். ஆனால் ஃபோனில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். எதிர்முனையில் அழுகிறவர் அடங்கும் வரை "லைன்ல இருங்க, நான் எங்கயும் போகல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கண்ணால் பார்க்காத எதையும் வாயால் சொல்ல மாட்டார். "பாத்துட்டு வந்து சொல்றேன், வச்சிடாதீங்க."

இதுவரை எழுதியதை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"நாய்க்குப் பயப்படுறவ நாய் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாளா? எவன் நம்புவான்? பாத்திரத்தை மாத்து."

மாற்ற மாட்டேன். நீங்கள் இங்கே இருந்து பார்த்திருந்தால் தெரியும்.

3

என்ன நடந்தது என்றால்:

தடிச்சி என்று ஒரு சப்பைமூக்கு நாய். நிறைமாதம். வலி எடுத்தும் குட்டி இறங்கவில்லை, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்படி எடுக்கும் குட்டிகள் மயக்கத்தோடு, துவண்டுபோய் வரும். சளியை உறிஞ்சி, துண்டில் சுற்றி, முதுகை அரக்கித் தேய்த்தால்தான் மூச்சு வரும், குரல் வரும். இங்கே ஒரு சட்டம் உண்டு: ஒரு குட்டிக்கு ஓர் ஆள். கையில் வாங்கியவர் அதை அடுத்தவரிடம் மாற்றக் கூடாது. டாக்டரம்மா சொல்லும் வரை நிறுத்தவும் கூடாது.

எக்ஸ்ரே படத்தில் தலைகளை எண்ணினார்கள். அஞ்சு. உடனே அஞ்சு துண்டு, அஞ்சு ஆள். எக்ஸ்ரேக்காரர், ரத்தம் சோதிப்பவர், மருந்து எடுத்துக் கொடுக்கும் அம்மா, கூண்டு கழுவுகிறவர், முடிவெட்டும் 'கத்திரி' அண்ணன்.* எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். ஃபோனக்கா மட்டும் மேசையில் பத்திரமாக இருந்தார், காலைக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு.

முதல் குட்டி கீச்சென்றது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு கீச்சுக்கும் ஃபோனக்கா மேசையில் ஒரு தட்டு தட்டினார். அஞ்சாவது கீச்சுக்கு நானும் சேர்ந்து தட்டினேன். அப்போதுதான் டாக்டரம்மாவின் குரல்:

"இன்னொண்ணு இருக்கு! யாருய்யா அஞ்சுன்னு சொன்னது?"

"சத்தியமா அஞ்சு தலைதான் டாக்டர்! ஆறாவது பின்னாடி ஒளிஞ்சிருந்திருக்கு!"

"கை! யாராவது ஒரு கை!"

நான் எழுந்தேன். "பூனை வாடையோட உள்ள வராதீங்க!" என்று கத்திரி அண்ணன் கத்தினார். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்.

ஃபோனக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஏதோ ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது, தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. பற்களை நினைத்தார். பிறந்த குட்டிக்குப் பல் கிடையாது என்பதையும் நினைத்தார். அது ஒன்றும் உதவவில்லை, பயத்துக்குக் காரணமெல்லாம் வேண்டாம். அடுத்து அவர் கம்பியிலிருந்து காலை இறக்கினார். கதவருகே போய்க் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். ஈரமான, எலி அளவு ஏதோ ஒன்று துண்டோடு அவர் கையில் விழுந்தது.

"கதவச் சாத்து! குட்டிங்களுக்குக் குளிரும்!"

உதை. சாத்தியாகிவிட்டது.

* கத்திரி அண்ணன் பாதி வெட்டிய நாய் இப்போது முன்கூடத்தில் உலாத்துகிறது. முன்பக்கம் சிங்கம், பின்பக்கம் மழித்த ஆடு. கதைக்கு இது தேவையில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் எப்படி இருப்பேன், சொல்லுங்கள்!

4

இனி நான் பார்க்கவில்லை, கேட்கிறேன். கேட்பதை அப்படியே தருகிறேன்.

"முதுகத் தேய்ங்க ஃபோனக்கா! நல்லா!"

"ஒடஞ்சிடும் போலிருக்கு டாக்டர்!"

"ஒடையாது. தடிச்சி நல்லாருக்கா, நான் தையல் போடறேன். நீங்க நிறுத்தாதீங்க!"

அஞ்சு குட்டிகளின் கீச்சுக்கு நடுவே ஃபோனக்காவின் குரல் வருகிறது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

"ஹலோ... ஹலோ... கேக்குதா? லைன்ல இருக்கியா? நான் எங்கயும் போகல. ஹலோ..."

வீட்டுக்காரருக்கு இரண்டு முடிவுகளை எழுதி அனுப்பினேன்.

முடிவு ஒன்று: குட்டி கீச்சென்றது, ஃபோனக்கா கண்ணைத் திறந்து...

"சர்க்கரை ஜாஸ்தி" என்றார்.

முடிவு இரண்டு: டாக்டரம்மா மெல்ல, "போதும் அக்கா, நிறுத்துங்க" என்று...

பதில் வந்தது: "ஏண்டி, இப்படியா எழுதுவ? அழிச்சுத் தொலை." நாய்க்குப் பயப்படுகிறவளை எவன் நம்புவான் என்று கேட்ட அதே மனுஷன்!

அழித்துவிட்டேன். ஆனால் நான் அழித்தால் அது நடக்காமல் இருந்துவிடுமா? குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்தைச் சுற்றி வருகிறேன். நிஜப் பூனை கூடையில் சும்மா இருக்கிறது.

5

மேசை ஃபோன் அடிக்கிறது.

அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க ஆள் இல்லை. அவசரத்துக்கு அண்டாவுக்குள் கை போகாது என்பார்களே, ரிசீவரை இரண்டு தடவை நழுவவிட்டு எடுத்தேன்.

"அக்கா, தடிச்சியோட ஓனர் பேசறேன். பஸ் ஓட்டிட்டிருக்கேன், ஓரங்கட்டிட்டுப் பேசறேன். எப்படி இருக்கா?"

"நான் ஃபோனக்கா இல்லீங்க. அவங்க உள்ள... தடிச்சி நல்லாருக்கா. டாக்டர் தையல் போடறாங்க."

"அப்பாடா! குட்டி அஞ்சும் நல்லாருக்கா?"

அஞ்சு என்றால் பொய் இல்லை, அவருக்குச் சொல்லியிருந்த கணக்கே அஞ்சுதான். ஆறாவது என்று ஒன்று வந்ததே அவருக்குத் தெரியாது. அது போய்விட்டால், தெரியாமலே போகட்டும் என்று விட்டுவிடலாம்.

"அஞ்சையும் அஞ்சு வீட்டுக்குச் சொல்லி வச்சாச்சு. எனக்குன்னு ஒண்ணு மிஞ்சலியேன்னுதான் மனசு கெடந்து அடிச்சிக்குது. சரி, சொல்லுங்க, எத்தன?"

(சத்தியமாக இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் நாசூக்காகச் செய்திருப்பேன்.)

"பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றேன். என் குரலே எனக்கு ஃபோனக்கா குரல் மாதிரி கேட்டது. "வச்சிடாதீங்க."

6

உள்ளே ஒரு கீச்.

புதிய கீச்சா, பழைய அஞ்சில் ஒன்றா? மகாராணி காதை நிமிர்த்துகிறாள். பாதி சிங்க நாய் நின்றுவிட்டது. ஃபோனக்கா இன்னும் "ஹலோ, ஹலோ" என்கிறார், ஆனால் குரல் உடைந்திருக்கிறது. அழுகையா, சிரிப்பா? அவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வரும் போலிருக்கிறது. கதவின் பிடி திரும்புகி

எனக்கு இருப்பது இரண்டு கை. ஒன்றில் பூனைக்கூடை, ஒன்றில் இந்தக் கதை. ரிசீவரைத் தோளில் இடுக்கியிருக்கிறேன், நழுவுகிறது. இந்தாங்க, நீங்கள் பிடியுங்கள். ஆமாம், உங்களைத்தான். கையில் வாங்கியவர் மாற்றக் கூடாது என்பது இங்கே சட்டம்.

எத்தனை என்று பஸ்காரர் கேட்பார். கதவு திறந்ததும் முதலில் ஃபோனக்காவின் கையைப் பாருங்கள், பிறகு பதில் சொல்லுங்கள். அதுவரை அவரோடு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள், ஃபோனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.