“ஆசீர்வாதமா இருக்கேன்”

“ஆசீர்வாதமா இருக்கேன் மேடம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

கெசியா சிரித்துக்கொண்டே சொன்னாள். எப்படி இருக்கீங்க என்று கேட்ட நர்ஸ், கணினியில் டக்கென்று தட்டிவிட்டாள்: தொந்தரவு எதுவும் இல்லை.

பக்கத்தில் நின்ற மார்வெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசீர்வாதமாம்! அமெரிக்காவின் மேக்கன் ஊரில் கறுப்பினத்தார் யாரை எப்படி இருக்கீங்க என்று கேட்டாலும் இதுதான் பதில். வீடு தீப்பற்றி எரிந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். குழந்தை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத கெசியா, வழியெல்லாம் காரில் தலையைப் பிடித்துக்கொண்டு முனகியவள்!

“பிரஷர் கொஞ்சம் தூக்கலா இருக்கு,” என்றாள் நர்ஸ். “தூக்கமில்லாததுதான். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க.”

“கொஞ்சமா?” என்றாள் மார்வெட்டா.

“நீங்க யாரு, தங்கச்சியா?”

“இவளோட டூலா.”

“அப்ப அவங்களே பேசட்டுமே.”

அதுதான் விதியும்கூட. டூலா என்றால் பிரசவத்துக்குத் துணை நிற்பவள்; முன்னும் பின்னும் கூடவே நிற்கலாம், கையைப் பிடிக்கலாம், தைரியம் சொல்லலாம். தாய்க்குப் பதிலாகப் பேசக் கூடாது. மார்வெட்டா கெசியா பக்கம் திரும்பினாள்.

“ஏய், கார்ல என்னடி சொன்னே?”

“லேசா தலைவலின்னேன்.”

“லேசாவா? ரோட்டு விளக்கெல்லாம் மத்தாப்பு மாதிரி தெறிக்குதுன்னு சொன்னது யாரு, என் மாமியாரா?”

“சும்மா இருடி,” கெசியா குரலைத் தாழ்த்தினாள். “பிரசவத்தப்ப வலிக்குதுன்னு கத்துனதுக்கு, போதை மருந்து எடுக்கறியான்னு கேட்டாங்கல்ல? திரும்பவும் கேப்பாங்க. அப்புறம் கவர்மென்ட்டு ஆளுங்க வந்து பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போனா?”

வலியைச் சொன்னால் சந்தேகம், சொல்லாவிட்டால் சௌக்கியம். இவள் எந்தப் பக்கம்தான் போவாள்?

விதியாவது மண்ணாவது!

“மேடம், ஆசீர்வாதம்னா எங்களுக்கு வணக்கம் சொல்ற மாதிரி. அதைப் போய் நோயில்லைன்னு எழுதிட்டீங்களே! முதல்ல அதை அழிங்க.”

“குரலை உயர்த்தாதீங்க. செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க! கூடவே டாக்டரையும் கூப்பிடுங்க!”

“மார்வெட்டா, வேணாம்டி…” கெசியா எழப் பார்த்து, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸையே உற்றுப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“மேடம், உங்க முகத்துல பாதியைக் காணோம் எனக்கு. தலை பொளக்குது. பயமா இருக்கு.”

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். டாக்டர் வந்தார், பிரஷரைக் குறைக்க ஊசி போட்டார், வலிப்பு வராமல் தடுக்க மருந்து ஏற்றினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் இவள் வீட்டு அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்திருப்பாள் என்றார். மார்வெட்டா கெசியாவின் கையை விடவே இல்லை.

கெசியா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் மார்வெட்டாவை வேலைக்கு வைத்திருக்கும் அமைப்பிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரி புகார் கொடுத்திருக்கிறதாம். எல்லை மீறிப் பேசினாளாம். விசாரணை முடியும்வரை எந்தத் தாயோடும் போகக் கூடாதாம்.

“தொந்தரவு இல்லைன்னு தட்டின கைக்கு என்ன விசாரணை?” என்று கேட்டாள் மார்வெட்டா. போனை வைத்துவிட்டார்கள்.

நீங்களே சொல்லுங்கள், அந்த அறையில் அவள் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால், விதிப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பீர்களா?