'அவள்' என்று சொன்னவள்

ஆப்பிள் கொட்டகையில் பழங்கள் தண்ணீரில் மிதந்து வரும். பெல்ட் ஓரமாக நின்று அடிபட்டதைப் பொறுக்கித் தள்ளுவதுதான் நெரேய்தாவின் வேலை. சில மாதமாக அந்தத் தண்ணீர் தொட்டியை விட்டு வெளியேறி, கொட்டகை முழுக்க நிறைந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. பக்கத்தில் நிற்பவர்களின் பேச்சு எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. கையுறைக்குள் அசைகிற விரல்கள் வேறு யாருடையவோ. அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு முழுக்கச் செர்ரி பூத்திருந்தது. வேலைக்குப் போகும்போது அந்த வெள்ளை, கார்க் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போகும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் உள்ளே வந்து தொடவில்லை.

இருபத்திரண்டு வயது. படுத்தால் இரண்டு மணி நேரம் தூங்குவதே பெரிது. யாரிடம் என்னவென்று சொல்வது? அம்மா ஒப்தூலியா, தேய்ந்த முதுகோடு அதே கொட்டகையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறாள். அவளுக்கு முன்னால் போய், "எனக்கு எல்லாம் தூரமா இருக்கும்மா" என்றா சொல்வது?

ஏப்ரலில் ஒருநாள் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மாவுக்கு ஸ்பானிஷ்தான் பேச வரும்; எட்டு வயதிலிருந்தே அவளுடைய இங்கிலீஷ் நெரேய்தாதான். பேங்க், பள்ளிக்கூடம், பல் டாக்டர், எங்கேயும் அவள் வாய்தான். போனில் ஸ்பானிஷை மொழிபெயர்த்து உதவுகிற ஆஸ்பத்திரி ஆள் அன்றைக்குக் கிடைக்கவில்லை. நர்ஸ் டெல்லா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"போன ரெண்டு வாரத்துல மனசு சோர்ந்து போன மாதிரி இருந்துச்சா?"

நெரேய்தா அதை ஸ்பானிஷில் கேட்டாள். அம்மா கையை விசிறினாள். "எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்."

"அவளுக்கு அப்படித்தான் இருக்கு," என்றாள் நெரேய்தா இங்கிலீஷில். "தினமும்."

அவள் நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"தூக்கம் எப்படி?"

"கட்டையா விழுறேன், போ," என்றாள் அம்மா.

"அவளுக்குத் தூக்கமே இல்ல. கண்ணை மூடினா நெஞ்சு அடிச்சுக்குது. விடியறதுக்குள்ள வீட்டுக் கூரையில எத்தனை விரிசல் இருக்குன்னு பார்த்து முடிச்சிடுவா. யார் பேசினாலும் தண்ணிக்குள்ள இருந்து கேக்குது. பனி கலைஞ்சு போற மாதிரி, தானும் சத்தமில்லாம இல்லாம போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது அவளுக்கு."

டெல்லாவின் விரல்கள் நின்றன. நாற்காலியைத் திருப்பி, ஒப்தூலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒப்தூலியா அந்தக் கையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"நான் ரெண்டு வார்த்தை சொன்னேன்டி. நீ இம்புட்டு நேரம் பேசுற. யாரைப் பத்திப் பேசுன?"

"உன்னைப் பத்திதாம்மா."

"பொய் சொல்லாத. பதினெட்டு வருஷமா அந்தக் கொட்டகையில நிக்கிறேன். 'தூக்கம் இல்ல'ங்கிற இங்கிலீஷ் எனக்குப் புரியாதா? யாருக்குத் தூக்கம் இல்ல?"

"எனக்குத்தாம்மா," என்றாள் நெரேய்தா. ஸ்பானிஷில் சொன்னதும்தான் அது நிஜமானது.

நெரேய்தா அதை டெல்லாவிடமும் இங்கிலீஷில் சொன்னாள். டெல்லா பதறவில்லை. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நெரேய்தாவிடம் நேராகக் கேட்டாள். இல்லை, எதுவும் செய்துகொள்ள நினைக்கவில்லை, இல்லாமல் போனால் போதும் என்றுதான் தோன்றுகிறது என்றாள் அவள். எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பர் எழுதித் தந்தாள் டெல்லா. ஸ்பானிஷ் பேசும் மனநல ஆலோசகர் வேண்டுமென்றால் இங்கே செப்டம்பர் வரை காத்திருக்கணும், ஆனால் ரத்த அழுத்தம் பார்க்க உங்கள் கொட்டகை வாசலுக்கு வியாழக்கிழமை வேன் வருகிறதே, அதில் ஸ்பானிஷில் மனநல ஆலோசனை தர அம்பாரோ என்று ஒருத்தி வருகிறாள், அவளைப் பாருங்கள் என்றாள்.

காரில் வீடு திரும்பினார்கள். இரண்டு பக்கமும் பூமரங்கள் ஓடின.

"எல்லார் முன்னாடியும் அந்த வேன்ல ஏற முடியாதும்மா," என்றாள் நெரேய்தா. "பைத்தியம்னு பேசுவாங்க."

"பேசத்தான் செய்வாளுக," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம். எல்லோரும் முற்றத்தில் சோள ரொட்டியைச் சுருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேன் வேலியோரம் நின்றது. நெரேய்தாவின் கால் எழவில்லை. அப்போது ஒப்தூலியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முற்றத்தின் நடுவாகவே வேனை நோக்கி நடந்தாள்.

"ஏய் ஒப்தூலியா, ரத்த அழுத்தம் அந்தக் கதவு!" என்று கத்தினாள் சாயோ. கொட்டகையிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். "இது மண்டை பாக்குற கதவு!"

"தெரியும்டி. தினம் எட்டு மணி நேரம் உன் வாயைக் கேக்குறேன்ல. என் மண்டை என்னத்துக்கு ஆகும்?"

முற்றமே சிரித்தது. சாயோவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒப்தூலியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிஷம் கழித்துத் தலையை நீட்டினாள். "நெரே, வா."

மகளை உள்ளே விட்டு அவள் இறங்கிக்கொண்டாள்.

அம்பாரோ சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது. மடியில் ஒரு பாதி ரொட்டி இருந்தது.

"உங்கம்மா அஞ்சு நிமிஷம் என்ன பேசினாங்க தெரியுமா? மத்தியானத்துக்கு பிஸ்கட் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு என்னைத் திட்டினாங்க. அப்புறம் இதைக் கையில திணிச்சாங்க. உக்காருங்க."

நெரேய்தா உட்கார்ந்தாள். மேலே மின்விசிறி மெல்லச் சுற்றியது. ஜன்னல் திரைக்குப் பின்னால் வெயில் பால் போல நின்றது.

"அவளுக்கு..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

"யாருக்கு?" என்று ஸ்பானிஷில் கேட்டாள் அம்பாரோ.

அம்பாரோ அவசரப்படுத்தவில்லை. நெரேய்தா அழுதாள். கண்ணீர் சூடாகக் கன்னத்தில் இறங்கியது. வெகுநாளைக்குப் பிறகு அவள் உணர்ந்த முதல் சூடு அது.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. சில வியாழன்களில் பேச ஒன்றுமே இருக்காது. ஒருமுறை கோபித்துக்கொண்டு பாதியிலேயே இறங்கி வந்தாள். அடுத்த வாரம் மறுபடி போனாள். மே மாதம் ஒருநாள் பெல்ட்டில் சாயோ மெல்ல நெருங்கி நின்றாள். வாய் நிறையப் பேசுகிறவளுக்குக் குரலே எழும்பவில்லை.

"என் பொண்ணு தலீலா... பத்தொம்பது வயசு. ரூமை விட்டே வர மாட்டேங்கிறா. அந்த வேனுக்குக் கூட்டிட்டு வந்தா பாப்பாங்களா?"

"பாப்பாங்க அத்தை. நான் கூட வரேன்."

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெரேய்தாவுக்குப் பாதி விழிப்பு. வெயில் கட்டில்வரை ஏறியிருந்தது. சமையலறையில் அம்மா போனில் யாரிடமோ குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து வரவில்லை அது. பக்கத்து அறையிலிருந்துதான் வந்தது.

"தூங்குறா... மணி பத்தா? ஆகட்டும். சர்ச்சுக்கு நீங்க போங்க. நான் அவளை எழுப்ப மாட்டேன்."

நெரேய்தா புரண்டு படுத்தாள்.