கடைவாய்ப் பல்

மௌலவி அப்துல் கபூர் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். விடியல் சுபஹ் தொழுதுவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். பள்ளிக்குள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"லெவ்வ மாமா, வலப்பக்கம் மேல்கடவாயில ஒரு பல்லும் இல்லையே."

"வெத்தில," என்றேன்.

"இடப்பக்கம் ஒண்டு இரிக்கி. நாக்கிட ஓரத்த அதில அழுத்தி அந்த எழுத்தச் சொல்லுங்க."

சொன்னேன். வரவில்லை. விரலைக் கன்னத்துக்குள் விட்டு இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில், என் மகன் வயதுக்காரன் முன்னால், வாயில் விரலோடு இருந்தேன்.

இந்தியாவில் ஏழு வருஷம் மார்க்கம் ஓதிவிட்டு வந்தவர் அவர். ஏறாவூருக்கு வடக்கே வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் அவருடைய உம்மாவின் ஊர். ஒரு மாதம் தங்கிவிட்டுக் கொழும்புக்குப் போக இருந்தார். நான் சின்னதில் இரண்டு வருஷம் ஓதினேன். அடி தாங்காமல் விட்டுவிட்டு வயல் வட்டையில் இராக்காவலுக்குப் போனேன். பள்ளியில் தொழுவிக்கும் லெவ்வையாக இருந்த வாப்பா மௌத்தானபோது, அந்த இரண்டு வருஷமாவது ஓதியவன் ஊரில் வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வருஷமாக நான்தான் தொழுவிக்கிறேன்.

மௌலவி வந்த முதல் வெள்ளி, தொழுகை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் பாத்திஹா சூறாவின் கடைசி ஆயத்தில், அதாவது வசனத்தில், ழாத் என்றொரு எழுத்து வருகிறது. நாங்கள் அதை நாக்கை மடித்துத் தமிழ் ளகரமாகச் சொல்லிப் பழகியவர்கள். அது பிழை என்றார். நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் பட வேண்டும். பாத்திஹாவில் எழுத்து மாறினால் தொழுகை சேராது. திருத்த முடிந்தவன் திருத்தாமல் முன்னால் நின்றால், பின்னால் நிற்பவர்களின் பொறுப்பும் அவன் கழுத்தில்.

"அப்ப இவ்வளவு காலமும் தொழுவிச்சது?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியாமச் செஞ்சது. அல்லாஹ் மன்னிப்பான்."

அவர் யோசித்ததே எனக்குப் போதும். வாப்பாவை அடக்குமுன் ஜனாஸாவைத் தொழுவித்தவன் நான். வாந்திபேதியில் ஒரே கிழமையில் போன ஆறு பேருக்கும் நான். மையித்து எழும்பி வந்து பிழை சொல்லாது. மறுமையில் சொல்லும். அன்றிலிருந்து அவர்களை அடக்கிய மையவாடிப் பக்கம் போவதை விட்டேன். வாவியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த எழுத்து இருபத்துமூன்று நாள் வரவில்லை. இருபத்துநான்காம் நாள், திங்கட்கிழமை, வந்தது. கனமாக, வாய் முழுக்க நிறைந்து. "இதுதான்! விட்டிராதீங்க," என்று மௌலவி என் முழங்காலில் தட்டினார். அவர் ஊரில் இருக்கப்போகும் கடைசி வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள். அதுவரை வெள்ளிகளில் அவரே தொழுவித்தார்; அன்று நான் தொழுவிப்பதைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை புறப்படுவார்.

அந்தத் திங்கள் பின்னேரமே அந்தப் பல் வலிக்கத் தொடங்கியது.

புதன்கிழமை கன்னம் வீங்கி ஒரு கண் சிறுத்துவிட்டது. பெண்சாதி நபீஸா என்னை ஆஸ்பத்திரி அப்போதிக்கரி நல்லரத்தினத்திடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"சீழ் கட்டியிருக்கு. இண்டைக்கே புடுங்கணும்," என்றார் அவர்.

"வெள்ளி கழியட்டும் ஐயா."

"ஏன், வெள்ளிக்கிழம எலும்பு கடிக்கப் போறீங்களா? இந்தச் சீழ் ரத்தத்தில கலந்தா ஆள் முடிஞ்சுது, லெவ்வை."

அந்தப் பல் போனால் அந்த எழுத்தும் போய்விடும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? எழும்பி வந்துவிட்டேன்.

வழியில் நபீஸா கத்தினாள். "ஒரு பல்லுக்காக மௌத்தாகப் போறீங்களா? புத்தி கிறுகிட்டா ஒங்களுக்கு?"

"சும்மா வா புள்ள." இந்த நிலையில் மௌத்தானால் அந்த ஆறு பேரும் மறுமையில் பிழை சொல்ல நிற்பார்கள். வாப்பாவும் நிற்பார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு குளித்தேன். பள்ளி வாசலில் மீன் வியாபாரி அசனார் நின்றார். "லெவ்வ, கன்னத்துக்குள்ள என்ன, கொய்யாக்காயா? ஒளிச்சுத் தின்னாம எங்களுக்கும் தாங்க." நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வாய் திறக்கவே பயம்.

குத்பாப் பிரசங்கத்தை ஒருவாறு ஓதி முடித்தேன். தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினேன். பின்னால் ஊரே நின்றது. முதல் வரிசையில், எனக்கு நேர் பின்னால், மௌலவி. பாத்திஹாவை ஆயத்து ஆயத்தாக ஓதிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். வட்டையில் இருட்டுக்குள் யானை நிற்கிறது என்று தெரிந்துகொண்டே நடப்பதைப் போல இருந்தது.

நாக்கின் ஓரத்தைப் பல்லில் வைத்து அழுத்தினேன்.

எழுத்து சரியாக வந்தது. அதோடு ஏதோ உடைந்தது. உப்பும் நாற்றமுமாக வாய் நிறைந்தது. சொல்லின் மிச்சம் வாய்க்குள்ளேயே நின்றது.

விழுங்கினால் தொழுகை முறிந்துவிடும். ஆனால் யாருக்கும் தெரியாது. மௌலவி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கொழும்புக்குப் போவார். தொண்டை தானாகவே அசைந்தது. பின்னால் ஒருவர் இருமினார். இன்னொருவர் "சுப்ஹானல்லாஹ்" என்று நினைவூட்டினார், நான் மறந்துவிட்டேன் என்று எண்ணி.

இதைத் தெரிந்தே செய்தாயா என்று மறுமையில் கேட்பார்களே. அந்தப் பயம்தான். வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு அப்போது இல்லை.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் திரும்பினேன். மௌலவியின் சட்டைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டுவிட்டு, வரிசைகளை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். விரலிடுக்கில் வடிந்தது. வழி விட்டவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியடியில் துப்பினேன். சீழும் இரத்தமும் வந்தன. பிறகு பல் வந்தது. விரலால் தொட்டதுமே கையில் விழுந்துவிட்டது, கறுத்து, ஓட்டையாக. வாயைத் திரும்பத் திரும்பக் கழுவி, சட்டையைக் கழற்றிப் போட்டேன். உள்ளே தொழுகையின் இரண்டாம் றக்அத். மௌலவியின் குரல் அந்த எழுத்தைத் தொட்டது. நான் சொன்னதைப் போலவேதான் இருந்தது. பள்ளி முழுக்க ஆமீன் சொன்னது. வெறும் மேலோடு போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் தக்பீர் கட்டினேன்.

தொழுகை முடிந்ததும் மௌலவி என்னைத் தேடி வந்தார். "மாமா, நான் கேட்ட. அந்த எழுத்து சரியா வந்திச்சு," என்றார்.

கையை விரித்துக் காட்டினேன். பல்லைப் பார்த்தார். இந்தத் தடவையும் யோசித்தார்.

அசனார் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "மௌலவி நாளைக்கிப் போறார். வாற வெள்ளி ஆரு தொழுவிக்கிற?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டே நாக்கைக் குழியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். படுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.