ஆம்பளை வாளி

கூரம் போகிற சாலையில் இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் குப்பைக்கும் ஆண், பெண் உண்டு. பிரசவ வாளி, ரத்தப் பஞ்சு, உடைந்த மருந்துக்குப்பி, ஊசி எல்லாம் பெண் குப்பை. துப்புரவு வேலை பார்க்கும் அங்கம்மாள் அதை வெறுங்கையால் அள்ளிப் பின்புறக் குழியில் புதைக்க வேண்டும். காலி அட்டைப்பெட்டி ஆண் குப்பை. அதை அவளோடு அதே வேலை பார்க்கும் ஆதிகேசவன் பெரிய காஞ்சிபுரத்தில் விற்று டீ குடிப்பான்.

"வரதரைத் தூக்குற தோள்மா இது. வாளி தூக்குமா?" என்பான். வைகாசித் திருவிழாவில் சாமி தூக்குபவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. மற்ற மாதமெல்லாம் அந்தத் தோளுக்கு ஓய்வு என்பதுதான் அநியாயம்.

அங்கம்மாளுக்கு விரலெல்லாம் ஊசிக் குத்து. ஒரு விரல் சீழ் வைத்துச் சோறு பிசையக்கூட முடியவில்லை. ஓர் இடுக்கி கேட்டால் டாக்டர், "பார்த்து எடும்மா. பொம்பளைங்களுக்குக் கை பழகிடும்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு முகாம் வந்தது. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நெசவாளர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொடுக்கப்போன அங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள அறுத்து எடுக்கிறதை நான்தான்பா புதைக்கணும். பொம்பள கை பட்டா ஆம்பளைக்கு ஆவாதுன்றாங்க. எனக்கு இன்னா தெரியும்?"

தறியில் ஓர் இழை அறுந்தாலே பதறிப்போகிறவர்கள். மொத்த பெஞ்சும் எழுந்துவிட்டது.

"ஆம்பளை புதைச்சாத்தான் படுப்போம்" என்றார் குமாரவேல் முதலியார்.

இத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆக வேண்டும் என்று மேலிடம் டாக்டர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. "ஆதிகேசவா, வாளியை எடு!" என்று கத்தினார்.

"சார், என் தோளு..."

"கையால எடுய்யா!"

முகாம் முடிந்ததும் எடுத்தான். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் காலை அகட்டிக்கொண்டே குழிவரை பின்னால் போனார்கள்.

"ஆழமா தோண்டுபா."

"நாய் கிளறப்போவுது, நல்லா அமுக்குபா."

அமுக்கினான். தையல் ஊசி கட்டை விரலில் ஏறியது. அவன் போட்ட கூச்சல் காஞ்சிபுரம் தாண்டி ஓரிக்கைக்கே கேட்டிருக்கும்.

டாக்டர் ஓடிவந்தார். மருந்து, கட்டு, படுக்கக் கட்டில், குடிக்கக் குளுகோஸ். "இவ்ளோ ஆபத்தான வேலையை வெறுங்கையால செய்யலாமாய்யா?" என்று உருகினார். அங்கம்மாள் சீழ் வைத்த விரலோடு பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

மறுநாளே இடுக்கி வந்தது, தடித்த கையுறையும் வந்தது. இரண்டையும் டாக்டர் ஆதிகேசவனிடம் கொடுத்தார். அங்கம்மாள் கை நீட்டினாள்.

"ஆபீஸ் சாமான்மா. எங்கிட்ட குடுத்துக்கீறாங்க. யாருக்கும் தரமாட்டேன்."

"நீயே வச்சுக்கோண்ணே" என்றவள், உள்ளே போய்ப் பிரசவ வாளியை அள்ளாமல் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். ஆதிகேசவனைக் கைகாட்டி அழைத்தாள்.

"டாக்டரே சொல்ட்டாரு, வெறுங்கையால தொடக் கூடாதாம். இடுக்கி உங்கிட்டதானே இருக்குது? வா, எடு."