ஒற்றைப்படை அக்கா, இரட்டைப்படைத் தம்பி

1

ஓர் அக்கா தன் தம்பியை "டேய் கொக்கு" என்று கூப்பிடுவதற்கு இன்றைய மார்க்கெட் விலை இரண்டு டீ. நான் பேரம் பேசுகிற வீட்டில் பிறந்தவன். விலையில் பொய் சொல்லமாட்டேன், சரக்கில் வேண்டுமானால் கொஞ்சம். இந்தக் கதையும் ஒரு பேரத்தில் கிடைத்ததுதான். சூட்கேஸ் வாங்கப் போனேன், கதையோடு வந்தேன். சூட்கேஸ் இன்னும் வரவில்லை.

2

முதல் ஆரம்பம்: "அந்தச் சொல்லைக் கேட்டபோது வெளியே மழை" — வேண்டாம். அன்று மழையே இல்லை.

இரண்டாவது: "ஆல்டர்நேட் என்ற சொல்லுக்கு அகராதியில்" — நான் அகராதியைத் திறந்தால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

ஆனாலும் அந்தச் சொல்லைப் பாருங்கள், என்ன உழைப்பு! டாக்டர் ஆல்டர்நேட் நாளில் மாத்திரை போடச் சொல்கிறார். டிரைவர் ஆல்டர்நேட் ரூட்டில் சுற்றி நம்மை லேட்டாக்குகிறார். லீவு கேட்டால் மேனேஜர், "உங்களுக்கு ஆல்டர்நேட் யாரு?" என்கிறார். மாற்றி மாற்றி, ஒன்றுவிட்டு ஒன்று, ஒன்றுக்குப் பதில் ஒன்று. மூன்று வேலை, ஒரே சம்பளம்.

(தமிழில் 'ஒன்றுவிட்ட அக்கா' என்றால் பெரியப்பா மகள். இந்தக் கதையில் வருகிறவள் கூடப் பிறந்தவள், ஒருநாள்விட்ட அக்கா. இந்த ஜோக்கை எடுத்துவிடச் சொன்னாள் என் மனைவி. நான் எடுக்கவில்லை.)

3

அக்கா-தம்பிக்கு அவர்கள் அப்பா விட்டுப்போன சூட்கேஸ் கடை. கல்லாவுக்குப் பின்னால் ஒரே ஒரு சுழல் நாற்காலி. அதில் யார் உட்காருவது என்று அக்காவும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள், பேச்சே நின்றுபோனது. மாமா வந்து பஞ்சாயத்து பண்ணினார்.

"ஒத்தப்படை தேதியில அவ, ரெட்டப்படையில நீ. ஆல்டர்நேட். முடிஞ்சுது, ஆளை விடுங்க!"

மூன்று வருஷமாக அப்படியேதான். குள்ளமான அக்கா உச்சிக்கு ஏற்றிவைத்த நாற்காலியை இறக்குவதுதான் நெட்டைத் தம்பிக்குக் காலையில் முதல் வேலை. இறக்கும்போதெல்லாம் முணுமுணுப்பான்.

[முணுமுணுப்பு என்று எழுதியது தப்பு. அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தான், பதில் வராத பேச்சு. அவள் "டேய் கொக்கு" என்று கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அது அவனுக்கே தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.]

4

நான் நுழைவது இங்கேதான். முப்பதாம் தேதி ஒரு நீல சூட்கேஸுக்குத் தம்பியிடம் பேரம் பேசிப் பாதி வழிக்கு வந்தேன்.

"மீதிய நாளைக்கு அக்காகிட்ட பேசிக்குங்க சார்" என்று தன் நம்பரையும் கொடுத்தான்.

மறுநாள் அக்கா விலையை மறுபடி மலைமேல் ஏற்றினாள்.

"பரவால்லம்மா, நாளைக்குத் தம்பிகிட்டயே பேசிக்கிறேன்."

"நாளைக்கு ஒண்ணாந்தேதி. நாளைக்கும் நான்தான்."

எனக்குள் மணி அடித்தது! முப்பத்தொன்று ஒற்றை. அடுத்து வருகிற ஒன்றும் ஒற்றை! கடை வாசலுக்கு வந்ததுமே தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க!"

விஷயத்தைச் சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணும் மூச்சு கேட்டது. காது சிவந்தது. (போனில் தெரியாதுதான், கதையில் சிவக்கட்டும்.)

"முப்பத்தொண்ணு வர்ற மாசமெல்லாமா? மூணு வருஷமாவா?"

(இதுகூடவா கவனிக்காமல் இருப்பான் என்கிறீர்கள். நானும் இந்தப் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன். ஆனால் கோபக்காரன் தன் தேதிகளை மட்டுமே பார்ப்பான். தன் நாள் இல்லையென்றால் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்காதவன்.)

5

மறுநாள் காலை அவன் கடைக்குள் பாய்ந்தான்; பின்னாலேயே நான். (எழுதுகிறவன் கதைக்குள் நுழையக்கூடாது என்பார்கள். அப்புறம் சூட்கேஸை யார் வாங்குவது?)

"நேத்தும் நீ, இன்னிக்கும் நீ! இது எந்த ஊரு ஆல்டர்நேட்டு?"

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு! அக்கா நிமிரவில்லை. கல்லாமேல் இரண்டு டம்ளர் டீ, ஆவி பறக்க.

"டேய் கொக்கு, இதக் கண்டுபிடிக்க உனக்கு மூணு வருஷமா? முப்பத்தொண்ணு வந்தா மறுநாள் நீ சண்டைக்கு வருவேன்னு ரெண்டு டீ சொல்லிவச்சு, ரெண்டையும் நானே குடிச்சு, வயிறு புண்ணாப் போச்சு!"

அவன் கண்களில் — இந்த வரியை அடித்துவிட்டேன். அது அவன் சொந்த விஷயம்.

"நீயா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் எதுக்குடா வரணும்? உன் நாளை எடுத்துக்கிட்டது நான். வந்து கேக்குறது உன் முறை. ஆறிடப்போவுது, குடி."

குடித்தான்.

6

முடிவு அ: அக்கா எழுந்து, நாற்காலியை அவன் உயரத்துக்கு இறக்கிக் கொடுக்கிறாள். (கைதட்டு வாங்கும். ஆனால் அது விட்டுக்கொடுக்கிற முகமா?)

முடிவு ஆ: தம்பி ஒரு சூட்கேஸைப் படுக்கப்போட்டு எதிரே உட்காருகிறான். அது என் நீல சூட்கேஸ். நசுங்கினால் விலை குறையும், எனக்குச் சம்மதம்.

முடிவு இ: இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பி, ஒரே குரலில் விலை சொல்கிறார்கள். ஐயோ, ஒருவரிடமே என்னால் முடியவில்லை!

எழுதியவரை என் முறை. இனி உங்கள் முறை. எது பிடிக்கிறதோ வைத்துக்கொள்ளுங்கள். நான் கணக்கை மட்டும் முடித்துவிடுகிறேன்.

டீ இரண்டு, குடித்தவர் இரண்டு: நேர்.

நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு: பாக்கி ஒன்று, உங்கள் பெயரில்.