வானவர் எரிக்கும் வீடுகள்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டட்டும். (பல் ஏற்கெனவே இல்லை. அதனால் சத்தியம் செல்லாது என்று யாரும் வாதாட வரவேண்டாம்.)

எண்பத்து மூன்றாம் ஆண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரத்தில் பலகை வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மறுவாரம் அந்தப் பக்கம் போனேன். ஒரு கதவு மட்டும் சேற்றில் மல்லாந்து கிடந்தது. அதன் நடுவில், தேங்காய் நாரால் யாரோ தேய்த்ததுபோல் வெளிறிய ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்துதான் இந்தக் கதை.

முதல் வரி: 'நகரம் அழுதுகொண்டிருந்தது.' நகரம் எங்கே அழுதது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'மாரியாயி அழுதுகொண்டிரு

அவளும் அழவில்லை.

2

மாரியாயி சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறவள். புருஷன் அய்யாவு லோரியிலிருந்து விழுந்து இடுப்பு போய், இரண்டு வருஷமாகப் படுக்கையில். கூரை ஒழுகும். ஒழுகாத மூலையில் அவரைக் கிடத்தி, ஒழுகுகிற இடத்தில் அவள் படுத்துக்கொள்வாள்.

அவளுக்கிருந்த ஒரே ஆடம்பரம் 'வானவர் ஆட்சி' என்ற தொடர். மாதம் ஒரு பாகம், மட்டமான தாள், அட்டையில் எரியும் கோலாலம்பூர். வானத்திலிருந்து இறங்கிய தேவதூதர்கள் ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரக்கம் கிடையாது. இறக்கையில் டீசல் நாற்றம். ஒரு சிறகு வெட்டுப்பட்ட நல்லவன் ஒருவன் மட்டும் செந்தூல் பக்கத்துப் பட்டறையில் ஒளிந்து வேலை செய்கிறான். (ஜெஞ்சாரோம் ஊரில் ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கோழிக்கூண்டை வானத்துக்குத் தெரியாதபடி பச்சையாகப் பூசினார். கோழிகளையும் பூசினார்.)

மாலையில் பொதுக்குழாயடியில் உட்கார்ந்து மாரியாயி உரக்கப் படிப்பாள். பெண்கள் வாளி நிறைந்து வழிவது தெரியாமல் கேட்பார்கள்.

"ஏண்டி மாரி, நாம இருக்குற லட்சணத்துல கதையிலயும் ஊரு எரியணுமா? நல்லதா ஒண்ணு படி லா" என்றாள் பக்கத்து வீட்டு இராஜம்மா.

"நல்ல கதையில நம்ம வீடு வராதுக்கா. நம்மள வெரட்டுறவன் மூஞ்சி உங்களுக்குத் தெரியுமா? இதுல வர்றவனுக்கு இறக்கை இருக்கு. தூரத்துலயே கண்டுக்கலாம்."

(இத்தகைய கதைகளின் கவர்ச்சி குறித்து இந்த இடத்தில் மூன்று பக்கம் கட்டுரை வைத்திருந்தேன். அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கிழித்துவிட்டேன்.)

3

ஒருநாள் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து தியாகராசா என்ற கிளார்க் வந்தார். கூட வந்தவன் ஒவ்வொரு கதவிலும் வெள்ளைச் சாயத்தால் எண் போட்டான்.

"நம்பரைக் கவனமா வச்சிருங்கோ. வீட்டை இடிச்ச பிறகு அது இருந்தாத்தான் பிளாட் கிடைக்கும்" என்றார் தியாகராசா.

நாலாம் பாகத்தில் இதேபோல் ஒருவன் வருகிறான். மரியாதையாகப் பேசுகிறான். கதவில் எண் போடுகிறான். வேறு வீடு தருவோம் என்கிறான். விடிவதற்குள் எண் போட்ட வீடுகள் மட்டும் எரிகின்றன.

"அக்கா, அழிச்சிருவோம்" என்றாள் மாரியாயி.

"போடி. அவரு கவர்மெண்ட் ஆளு. இறக்கையா மொளச்சிருக்கு?"

"சட்டைக்குள்ள மடக்கி வச்சிருப்பான்."

இராஜம்மா சிரித்தாள். மாரியாயி மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாகத் தன் கதவுக்குப் போனாள்.

"என்னா புள்ள சத்தம்?" என்றார் அய்யாவு உள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல. உங்களக் காப்பாத்துறேன்."

4

புல்டோசர் வந்தது. எண்ணிருந்த வீட்டுக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு லோரியில் ஏறினார்கள். இராஜம்மா ஏறிய பிறகும் மாரியாயியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"உங்கட கதவில நம்பர் இல்லையே, அம்மா" என்றார் தியாகராசா.

"நீங்கதானே ஐயா போட்டீங்க."

"இப்ப இல்லையே."

அய்யாவுவைப் பாயோடு தூக்கி ரயில் பாலத்தடியில் கிடத்தினார்கள். அங்கே ஒழுகாத மூலை இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவர் முடிந்துபோனார்.

5

இதற்குப் பிறகு அவளை என்ன செய்வது?

முதலில், பட்டறையிலிருந்த ஒற்றைச் சிறகனை வரவழைத்து, கதையைப் பின்னால் இழுத்து, புல்டோசர் முன் இறக்கிப் பார்த்தேன். இறங்கினான். அவனிடம் பெர்மிட் கேட்டார்கள். கொண்டுவரப் போனவன் இன்னும் வரவில்லை.

அடுத்து, தியாகராசா தலைநிமிர்ந்து, "இந்த அம்மாவை எனக்கு நினைவிருக்கு" என்று சொல்வதாக எழுதினேன். நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் அந்த மனிதர் கதவைத்தான் பார்த்தார்.

மூன்றாவதாக, மாரியாயி பாலத்தடியில் உட்கார்ந்து ஐந்தாம் பாகத்தைப் பிரித்து

வேண்டாம். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழியை யார்மேல் போடுவது என்பதும் உங்கள் பாடு. வானவர்மேல் போட்டால் எல்லோருக்கும் சௌகரியம். அவர்கள் மறுப்பு எழுத மாட்டார்கள். நான் அதைத்தான் செய்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். குழாயடியில் நான் படிக்கவைத்த மாரியாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.