ஜீரோ அனுப்பியவள்

கடலூரில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எழிலரசி வேலைக்குச் சேர்ந்தபோது, தண்ணீரின் நிறத்தை அளக்க அங்கிருந்த நிறமானிக்கு வயதும் ஆகியிருந்தது, வீம்பும் ஏறியிருந்தது. பொத்தான்கள் பாதி அமுங்காது. கணினியோடு இணைத்து ஓட்டலாம். ஆனால் எந்தக் கட்டளைக்கு அசையும் என்று சொல்லும் புத்தகம் எப்போதோ தொலைந்துவிட்டது. 2008-இல் நான்கு மாதம் அதனோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கண்டுபிடித்தாள். சொல் சரியாக இருந்தாலும் வரி முடிந்த அடையாளம் இல்லையென்றால் ஐயா அசையமாட்டார், புது மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் வழிக்கு வந்தார். சுத்த நீரை வைத்து ‘ஜீரோ’ என்று அனுப்ப வேண்டும். பிறகு மருந்து கலந்த சாம்பிளை வைத்து ‘ரீட்’. சாயக் கழிவில் வரும் நச்சு உலோகமான குரோமியம் இருந்தால் தண்ணீர் ஊதாவாகும். சுத்த நீரைவிட எவ்வளவு ஊதா என்பதை அது எண்ணாகச் சொல்லும். போன கட்டளை, வந்த எண், நேரம் எல்லாம் கணினியில் பதிவாகும்படியும் எழிலரசி எழுதி வைத்தாள்.

இவ்வளவையும் ஜான்சிக்குக் கற்றுக்கொடுத்தாள். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படித்தபோது ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். முதலாளி ராஜாமணியிடம் கெஞ்சி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் எழிலரசிதான்.

அடுத்த வருடம் கடலூர் முதுநகரில் எழிலரசியின் தெருக் கிணற்றுத் தண்ணீர் பரிசோதனைக்கு வந்தது. பக்கத்துச் சாயக் கம்பெனிமேல் தெருவுக்கே சந்தேகம். தானே சோதித்தால் நாளைக்கு யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாதென்று, நியாயவாதி மாதிரி அதை ஜான்சியிடம் கொடுத்தாள். முடிவு வந்தது: குரோமியம் இல்லை. எழிலரசி மகிழ்ச்சியோடு அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தவள் அந்தத் தேதியில் நின்றாள். ஜீரோ. ரீட்: குடிநீரில் இருக்கலாம் என்ற அளவைப்போல் ஆறு மடங்கு. அடுத்த நிமிடமே மறுபடி ஜீரோ, மறுபடி ரீட். இந்த முறை ஒன்றுமில்லை. ஊதாத் தண்ணீரை வெளியே எடுக்காமலே, இதுதான் சுத்த நீர் என்று கருவியிடம் சொல்லியிருக்கிறாள் ஜான்சி. அது பாவம், சொன்னதைக் கேட்டுக்கொண்டது.

எழிலரசி அந்தப் பதிவை அச்செடுத்தாள். மறுநாள் அந்தத் தாளோடு பஸ் ஏறிச் சிதம்பரத்தில் ஜான்சி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே நீட்டினாள்.

ஜான்சி பார்த்தாள். மறுக்கவில்லை.

“ராஜாமணி சார்தான் சொன்னாரு எழிலு. அந்தச் சாயக் கம்பெனி நமக்கு மாசாமாசம் அனுப்புற சாம்பிள் நின்னுபோச்சுன்னா லேபையே மூடிடுவாரு. அப்புறம் நீயும் நானும் எங்க போறது?”

“எங்க தெருடி அது! எங்கம்மா குடிக்கிற தண்ணி!”

“தெரியும். நான் என்ன பொய்யா எழுதுனேன்? நீ குடுத்த கட்டளயத்தான அனுப்புனேன். ஒரு எழுத்து சேக்கல.”

அறையலாம் போலிருந்தது. கை எழவில்லை. படுபாவி, அழக்கூட இல்லையே என்றுதான் நினைக்கத் தோன்றியது. திரும்பி பஸ் நிலையத்துக்கு வந்து அம்மா ஞானாம்பாளுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, கெணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. வெஷம். தெருவுல எல்லாருக்கும் சொல்லு.”

“என்னாடி ஒளறுற? கம்பெனிக்காரன்தான் நல்ல தண்ணின்னு தாள ஜெராக்ஸ் போட்டு வீட்டுக்கு வீடு குடுத்துட்டுப் போனானே. அவன் பேச்ச எவன் நம்புனான்? அடியில ஒன் கையெழுத்தக் காட்டுனதும்தான் மூணு மாசமா எல்லாரும் எறைக்கிறாங்க. எதிர்வீட்டுக் கொளஞ்சியப்பன் மவ, புள்ள பெத்து வந்திருக்கா, அவளுக்குக்கூட நாந்தான் ரெண்டு கொடம் ஊத்திட்டு வந்தேன்.”